பரணி பிறக்கும்வரை

பையன் எத்தனை மணிக்குப் பிறந்தான் என்று யாராவது கேட்டால் நந்தினி பதில் சொல்லமாட்டாள். டிபன் பாக்ஸை மூடிவிட்டு எழுந்து போய்விடுவாள். ஆம்பூர் ஷூ கம்பெனியில் புதிதாகச் சேர்ந்த பெண்கள் சாப்பாட்டு நேரத்தில் தெரியாமல் அப்படி ஏதாவது கேட்கப் போனால், பக்கத்து மிஷினில் தைக்கும் வஹீதாக்கா கண்ணாலேயே அவர்களை அடக்கிவிடுவாள்.

நந்தினி பிறவிக் கோபக்காரி இல்லை. ஆலங்காயத்துக்குப் பக்கத்தில் மலையடிவாரத்து ஊர். அப்பா அம்மா இருவரும் கூலி வேலை. அண்ணன் பாண்டியன் ஜோலார்பேட்டையில் ரயில் தண்டவாளம் பார்க்கிற வேலைக்குப் போனான். இவள் பன்னிரண்டாவது முடித்த கையோடு கம்பெனி பஸ் ஏறி, ஷூவின் மேல்பாகம் தைக்கிற செக்‌ஷனில் உட்கார்ந்தாள். சூப்பர்வைசர் எவ்வளவு கத்தினாலும் ஊசியிலிருந்து கண்ணை எடுக்கமாட்டாள். "இந்தப் பொண்ணுக்கு வாயே கெடையாது" என்பார்கள். குடியாத்தத்திலிருந்து பக்தவச்சலம் குடும்பம் பெண் பார்க்க வந்தபோது அதையே பெரிய தகுதியாகச் சொன்னார்கள். அவர்களுடைய ஜோசியர் அருணகிரி இரண்டு ஜாதகத்தையும் வைத்துப் பார்த்து, பத்துக்கு ஒன்பது பொருத்தம் என்றார்.

பக்தவச்சலத்துக்கு வீட்டையொட்டி நாலு விசைத்தறி. அதில் லுங்கி நெய்தார். மகன் ஜெயசீலன் தறியில் நிற்கப் பிடிக்காமல், நந்தினி வேலை பார்த்த அதே கம்பெனியில் தோல் வெட்டும் மிஷினுக்குப் போய்விட்டான். அந்த வீட்டில் காலண்டர் தாளைப் பார்க்காமல் யாரும் வாசல் தாண்டமாட்டார்கள். ராகு காலத்தில் தறிக்குப் புதுப் பாவு நூல் ஏற்றமாட்டார்கள். எமகண்டத்தில் மாமியார் தனகோடி அரிசிகூட ஊறப்போடமாட்டாள். நந்தினிக்கு அது விசித்திரமாகப் படவில்லை. பிறந்த வீட்டிலும் கொஞ்சம் இருந்ததுதான். இங்கே ஜாஸ்தி, அவ்வளவுதான் என்று நினைத்துக்கொண்டாள்.

ஜாஸ்தியானதற்கு ஒரு காரணம் இருந்தது. ஜெயசீலனுக்கு ஓர் அண்ணன். முத்துக்குமார். பத்தொன்பது வயதில், பைபாஸ் ஓரம் இருட்டில் நின்றிருந்த லாரியின் பின்பக்கம் பைக்கோடு போய் மோதி, அங்கேயே முடிந்துபோனான். தலையில் ஹெல்மெட் இல்லை. லாரியில் விளக்கு இல்லை. பைக்கை வாங்கிக் கொடுத்தவர் பக்தவச்சலம். அன்று சாவியை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். காரியம் முடிந்து மாதக்கணக்காகியும் மனுஷன் சரியாகச் சாப்பிடவில்லை. தறிப் பக்கம் எட்டிப்பார்க்கவில்லை. அப்போதுதான் அருணகிரி வீட்டுக்கு வந்து, செத்தவன் ஜாதகத்தை மடியில் விரித்து, "பொறந்த நேரம் அப்படி பக்தா. இன்னும் கொஞ்சம் தள்ளிப் பொறந்திருந்தா இந்தக் கண்டமே கெடையாது. நீ இன்னா பண்ணியிருந்தாலும் இது நடந்துதான் இருக்கும்" என்றார்.

அன்று பக்தவச்சலம் தட்டு நிறையச் சோறு சாப்பிட்டாராம். தனகோடி இதை மருமகளிடம் சொல்லும்போது, ஜோசியர் உயிர்ப்பிச்சை போட்டதாகவே சொன்னாள். அது பொய்யில்லை. அந்த வார்த்தையைக் கேட்ட பிறகு, சாவியைக் கொடுத்த கை அவருடைய கையாக இல்லாமல் போனது. அப்படி ஒரு மருந்தின் ருசி கண்டவர் அதை எப்படி விடுவார்?

நந்தினி மாசமானதும் மாமனார் சொல்லிவிட்டார், "இந்தப் புள்ள பொறக்கிற நேரத்த நம்ம கையில வெச்சிக்கணும்."

ஊரிலேயே ஒரு சின்னத் தனியார் ஆஸ்பத்திரி. அங்கே இதை யாரும் தவறாகப் பார்க்கவில்லை. எட்டாவது மாதம் நர்ஸே சொன்னாள், "ஆபரேஷன்னா நல்ல நேரம் பாத்துக்கினு வந்துடுங்க. டாக்டரம்மா கரெக்டா அந்த டைமுக்கு எடுத்துக் குடுத்துடுவாங்க." துணி தைக்கக் கொடுக்க வந்தவர்களிடம் சொல்வதுபோலத்தான் சொன்னாள்.

"எனக்கு நார்மல் ஆகும்னு சொன்னீங்களே டாக்டர்?" என்று நந்தினி கேட்டாள்.

டாக்டரம்மா சிரித்தாள். "அதெல்லாம் வீட்ல பெரியவங்க பேசிக்கட்டும்மா."

பெரியவர்கள் பேசினார்கள். அருணகிரி ஒரு திங்கட்கிழமை காலையைக் குறித்துக் கொடுத்தார். குழந்தைக்குப் பஞ்சாங்கம் தெரியாது. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமையே வலி பிடித்துவிட்டது.

ஆஸ்பத்திரியில் நந்தினியின் வயிற்றில் ஒரு பட்டையைக் கட்டினார்கள். குழந்தையின் இதயம் துடிப்பது அறை முழுக்கக் கேட்டது. குதிரை ஓடுகிற மாதிரி ஒரு சத்தம். அதைக் கேட்டதும் வலியிலும் அவளுக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் குதிரை தடுமாறியது. நின்று நின்று ஓடியது. டாக்டரம்மா முகம் மாறி வெளியே போனாள். நடுவில் ஒரு பச்சைத் திரை மட்டும்தான். பேசியதெல்லாம் நந்தினியின் காதில் விழுந்தது.

"துடிப்பு விழுந்து விழுந்து வருது. கொடி கழுத்துல சுத்தியிருக்கும்போல. உடனே எடுக்கணும். கையெழுத்து போடுங்க."

மணி பத்தே முக்கால். வெள்ளிக்கிழமை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம்.

"நைனா, போட்றட்டுமா?" ஜெயசீலனின் குரல்.

"இருடா. ஜோசியர கேட்டுக்கலாம்."

போனை ஸ்பீக்கரில் போட்டார்கள். அருணகிரி நிதானமாகப் பேசினார். "ராகு காலத்துல வேணவே வேணாம். இப்ப அஸ்வினிதான் ஓடுது. பன்னெண்டுக்கு மேல பரணி பொறக்குது. அதுல எடுத்தா ராஜா மாதிரி இருப்பான். கொஞ்சம் பொறுத்துக்கச் சொல்லு."

யாரைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னார்? கழுத்தில் கொடி இறுகிக்கொண்டிருந்தவனையா?

"சார், இது பொறுக்கிற விஷயம் இல்ல" என்றாள் டாக்டரம்மா.

"எத்தினி பேருக்கு நேரம் பாத்து எடுத்துக் குடுத்திருக்கீங்க? எங்களுக்கு மட்டும் இன்னா? ஒரு மணி நேரம். எங்க வீட்ல ஒரு புள்ளைய ஏற்கெனவே கெட்ட நேரத்துக்குக் குடுத்துட்டோம் டாக்டர்" என்றார் பக்தவச்சலம்.

டாக்டரம்மாவும் அப்படி எடுத்துக் கொடுத்தவள்தான். மறுபடி ஒருதடவை சொன்னாள். இந்தத் தடவை குரல் இறங்கியிருந்தது.

உள்ளேயிருந்து நந்தினி கத்தினாள். "எடுத்துடுங்க டாக்டர்! நான் போடறேன் கையெழுத்து! பேனா குடுங்க!"

நர்ஸ் அவள் தலையைத் தடவினாள். "வீட்டுக்காரர்தான் போடணும்மா. கத்தாத. புள்ளைக்கு ஆகாது."

வாயே இல்லாத பெண் அன்று கத்தின கத்தல் தெருமுனை மெடிக்கல் ஷாப் வரை கேட்டதாம். ஜெயசீலன் ஒருமுறை திரையை விலக்கி எட்டிப்பார்த்தான். கண் கலங்கியிருந்தது. "கொஞ்ச நேரம்தான் நந்தினி. நைனா சொல்றாரு."

"உனக்கு வாய் இல்லியா?"

அவனை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல்முறை. அவன் திரையை விட்டுவிட்டான். துணி ஆடி நின்றது. அறையில் குதிரை இன்னும் மெதுவாக ஓடியது.

பன்னிரண்டைத் தாண்டியதும் கையெழுத்து விழுந்தது. பரணி பிறந்தது. கூடவே பையனும் பிறந்தான். கழுத்தில் இரண்டு சுற்று கொடி. உடம்பெல்லாம் நீலம். அழவில்லை.

வேலூருக்குக் கொண்டுபோக ஆம்புலன்ஸ் வந்தது. ஜெயசீலன் சுவரோரம் உட்கார்ந்தவன் எழுந்திருக்கவில்லை. அதற்குள் ஜோலார்பேட்டையிலிருந்து வந்து சேர்ந்த பாண்டியன்தான் ஏறப் போனான். தனகோடி பாய்ந்து அவன் சட்டையைப் பிடித்தாள். "நீ ஏறக்கூடாதுப்பா! மாலை சுத்திப் பொறந்திருக்கு. தாய்மாமன் நேரா மூஞ்சியப் பாத்தா உன் உயிருக்கே ஆகாது. எண்ணெயில நெழலப் பாத்துட்டுத்தான் நேர்ல பாக்கணும்."

"வுடு அத்த" என்று கையை உதறிவிட்டுப் பாண்டியன் ஏறினான். வேலூர் வரைக்கும் அந்த முகத்தை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இன்றைக்கும் அவன் நன்றாகத்தான் இருக்கிறான். தினமும் தண்டவாளத்தில் நடக்கிறான். ஆகாமல் போனது பார்த்தவனுக்கு இல்லை.

தையல் வலியோடு நந்தினி வேலூர்ப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தபோது, குழந்தை கண்ணாடிப் பெட்டியில் குழாய்களோடு கிடந்தது. அங்கே ஒரு டாக்டர் நடந்ததையெல்லாம் கேட்டார். பிறகு, "உங்க கையெழுத்தே போதுமேம்மா. உங்க உடம்பு. நீங்க மேஜர். வேற யாரையும் கேட்கவே வேண்டியதில்லையே" என்றார்.

"அங்க அப்படிச் சொல்லலியே சார்."

சொல்லவில்லை. அவளுக்கும் தெரியாது. நந்தினிக்குள் கோபம் பற்றியது அந்த நிமிஷம்தான். அது இன்னும் அணையவில்லை.

மூளைக்குப் பிராணவாயு போகாமல் இருந்ததால் கையும் காலும் விறைத்துப்போகும், கழுத்து நிற்கத் தாமதமாகும், வலிப்பு வரும் என்று சொல்லி அனுப்பினார்கள். தினம் இரண்டு வேளை சிரப். வாராவாரம் வேலூரில் பயிற்சி. வீட்டில் பேர் வைத்தார்கள். பரணியில் பிறந்தவன், தரணியைத் தாங்கப்போகிறவன் என்று பரணிதரன். தன் தலையைத் தாங்க முடியாத குழந்தைக்கு அந்தப் பேர். நந்தினி ஒருநாளும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. சின்னு என்பாள்.

நடந்ததற்கு அந்த வீட்டில் காரணத்துக்குப் பஞ்சமே இல்லை. முதலில் கொடியைச் சொன்னார்கள். பிறகு கண்ணேறு என்றார்கள். மாசமாக இருந்தபோது முச்சந்தியில் யாரோ சுற்றிப்போட்ட கழிப்பை மிதித்திருப்பாள் என்றாள் தனகோடி. கடைசியில் அருணகிரியே தீர்த்துவைத்தார்: குழந்தை பிறந்த நேரம் அப்பழுக்கில்லாத நேரம், தாயின் ஜாதகம்தான் இழுக்கிறது. பக்தவச்சலம் அதையும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். ராகு காலத்தில் ஒரு மணி நேரம் காக்கவைத்தது மட்டும் எந்தக் காரணத்திலும் வரவில்லை. வந்துவிடக் கூடாது என்றுதானே இத்தனை காரணம் தேடினார்கள்!

பையனுக்கு ஒரு வயது தாண்டியதும் நந்தினி மறுபடி வேலைக்குப் போனாள். பகலில் தனகோடி பார்த்துக்கொண்டாள். அவளுக்கும் பேரன்மேல் உயிர்தான். அதில் நந்தினிக்குச் சந்தேகம் இருந்ததில்லை. அதனால்தான் ஒரு சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டிறங்கி வந்து, குழந்தை முனகுவதைக் கேட்டு, சட்டையைக் கழற்றிப் பார்த்தபோது அவளுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. தொப்புளைச் சுற்றி நாலு காயம். தோல் கருகி, ஓரத்தில் நீர் கோத்திருந்தது.

"இன்னா அத்த இது?"

"சூடு போட்டுக்கினு வந்தோம்மா. வெளியூர்ல ஒருத்தர் கம்பி காய்ச்சிப் போடறாரு. வலிப்பு அதோட நின்னுடுமாம். ஜோசியர்தான் எடம் சொன்னாரு."

"சிரப் குடுத்தியா இன்னிக்கு?"

தனகோடி தயங்கினாள். "மூணு நாளா பகல்ல குடுக்கறத நிறுத்திட்டேன். அதுவும் இதுவும் ஒத்துக்காதாம்."

நந்தினி கத்தவில்லை. கத்தினால் என்ன ஆகும் என்று ஒருதடவை பார்த்தாயிற்று. சிரப் பாட்டிலையும் ஆஸ்பத்திரிச் சீட்டையும் பையில் போட்டாள். குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தாள். ஜெயசீலன் அப்போதுதான் ஷிப்ட் முடிந்து வந்தான்.

"புள்ள வயித்தப் பாரு" என்று காட்டினாள். "எங்கூட வர்றியா, இங்கியே நிக்கிறியா?"

அவன் பார்த்தான். "நைனா வரட்டும் நந்தினி. பேசிக்கலாம்."

அவள் ஆட்டோவை நிறுத்தி ஏறிவிட்டாள். அரசு ஆஸ்பத்திரியில் புண்ணுக்கு மருந்து போட்ட டாக்டர் போலீஸுக்கு எழுதினார். மறுநாள் வஹீதாக்கா லீவு போட்டுவிட்டு மகளிர் காவல் நிலையத்துக்குக் கூடவே வந்தாள். அங்கே இருந்த பெண் போலீஸ் சமாதானமாகத்தான் பேசினாள். "குடும்பத்துக்குள்ள பேசி முடிச்சுக்கம்மா. அவங்களும் நல்லதுக்குத்தான செஞ்சாங்க."

"நல்லதுக்குன்னா உங்க புள்ள வயித்துல போட வுடுவீங்களா மேடம்?"

"வாய் ரொம்ப நீளுது உனக்கு."

"அவ வாய் கம்மிதான் மேடம்" என்றாள் வஹீதாக்கா. "எழுதிக்கினு ரசீது குடுங்க. நாங்க குந்திக்கினு இருக்கோம்." சொன்னபடியே பெஞ்சில் உட்கார்ந்து புர்காவைச் சரிசெய்துகொண்டாள். சாயங்காலம்தான் புகாரை எழுதிக்கொண்டார்கள். சூடு போட்டவனைப் பிடித்தார்கள். சீக்கிரமே ஜாமீனில் வந்துவிட்டான். தனகோடியை விசாரணைக்குக் கூப்பிட்டார்கள். அருணகிரி பேரும் புகாரில் இருந்தது. "நான் சொன்னேன், செய்யலியே" என்று அவர் போனில் சொன்னதோடு அவர் பங்கு முடிந்துபோனது.

நந்தினி ஆம்பூரில் வஹீதாக்கா வீட்டுத் தெருவிலேயே ஓர் அறை பார்த்துக் குடிவந்தாள். வேலைக்குப் போகும்போது வஹீதாவின் மாமியார் ஜஹீருன்னிசா பையனைப் பார்த்துக்கொண்டாள். வந்த வாரமே அந்த அம்மாளும் ஒரு தாயத்தைக் கொண்டுவந்தாள். தர்காவில் ஓதியதாம்.

"தாயத்து வேணாம்மா. சிரப்ப மட்டும் மறக்காம குடுங்க, போதும்" என்றாள் நந்தினி. அந்த அம்மாளுக்கு முகம் சுருங்கியது. இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் சிரப் ஒருவேளைகூடத் தவறவில்லை.

ஜெயசீலன் சனிக்கிழமைகளில் வர ஆரம்பித்தான். பையனை வேலூர்ப் பயிற்சிக்குத் தூக்கிக்கொண்டு போனான். காலை நீட்டி மடக்கக் கற்றுக்கொண்டான். ஒருநாள், "தப்புதான் நந்தினி" என்றான். அவள் அவன் வருவதைத் தடுக்கவில்லை.

பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பக்தவச்சலமே வந்தார். இளைத்திருந்தார். ஸ்டூலில் உட்கார்ந்து, பாயில் படுத்திருந்த பேரனைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"கேஸ வாபஸ் வாங்கிக்கம்மா. உங்க அத்த ஸ்டேஷனுக்கும் வீட்டுக்கும் அலையறா. ராவெல்லாம் தூங்கறதில்ல. நமக்கு நேரம் சரியில்ல. நேரம் யார வுட்டுது?"

வேறு எந்த வார்த்தையைச் சொல்லியிருந்தாலும் நந்தினி பொறுத்திருப்பாள்.

"நேரம்னு சொல்லாதீங்க மாமா. பத்தே முக்காலுக்கு டாக்டர் கேட்டாங்க. நீங்க வேணாம்னீங்க. உங்க புள்ள கையெழுத்து போடாம நின்னாரு. நேரம் இன்னா பண்ணுச்சு? அது பாட்டுக்குப் போச்சு. பண்ணது நீங்க. என் புள்ள வயித்துல சூடு போட்டது நேரமா? ஒரு மனுஷன் கம்பிய காய்ச்சிப் போட்டான். அத்த கைய புடிச்சிக்கினாங்க."

"உனக்குத் தெரியாதும்மா. பெரியவன நான்..." அவருக்கு மேலே வரவில்லை.

"தெரியும் மாமா. பெரியவரு ஹெல்மெட் போடல. லாரிக்கு லைட் இல்ல. அவ்ளோதான் நடந்தது. அதுல உங்க தப்பு கம்மிதான். அத ஒத்துக்கினு அன்னிக்கே ஒரு பாடு அழுது தீத்திருந்தீங்கன்னா, என் புள்ள இன்னிக்கு இந்த ரூம்ல ஓடிக்கினு இருப்பான். அழறதுக்கு பயந்துக்கினு அந்த ஆள் பின்னாடி போனீங்க. அதுக்கு என் புள்ளைய குடுத்துட்டீங்க."

பக்தவச்சலம் அடிபட்டவர்போல் உட்கார்ந்திருந்தார். அப்போதுதான் முதன்முறையாகப் பேரனை நேராகப் பார்த்தார். நான்தான் என்று சொல்லிவிடுவார்போல இருந்தது. நந்தினி காத்திருந்தாள். அவர் சொல்லவில்லை. எழுந்து, செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, தெருவில் இறங்கிப் போனார். முதுகைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. பாவம் என்று தோன்றியதால் கோபம் ஒன்றும் குறைந்துவிடவில்லை. புகாரை அவள் திரும்பப் பெறவில்லை.

ஆனால் அன்றைக்கு அவர் பேசிய பிறகுதான் அவளுக்கு ஒன்று உறைத்தது. இவர்கள் எல்லோரையும் ஸ்டேஷன் படி ஏற்றிவிட்டு, அந்த ஜோசியர் மட்டும் அதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பையனைத் தூக்கிக்கொண்டு குடியாத்தத்துக்குப் பஸ் ஏறினாள். அருணகிரி வீட்டு முன்கூடத்தில் வரிசையாகப் பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆட்கள் நிறைய. சுவரில் புதுப் போர்டு: ‘குழந்தை பிறப்புக்கு உகந்த நேரம் துல்லியமாகக் கணித்துத் தரப்படும்.’ ஒரு நிறைமாசக்காரப் பெண்ணுக்குப் பக்கத்து நாற்காலி காலியாக இருந்தது. நந்தினி போய் உட்கார்ந்தாள்.

அந்தப் பெண்ணின் மாமியார் சட்டென்று முந்தானையை இழுத்து மருமகளின் வயிற்றை மூடினாள். "அந்தாண்ட திரும்பிக்கடி. இந்த மாதிரிப் புள்ளையெல்லாம் மாசமா இருக்கறப்போ பாக்கக்கூடாது."

பெண் திரும்பவில்லை. "இன்னாக்கா ஆச்சு புள்ளைக்கு?" என்று மெல்லக் கேட்டாள்.

நந்தினி சொன்னாள். மெல்லச் சொல்லவில்லை. கூடத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். வெள்ளிக்கிழமை, ராகு காலம், பச்சைத் திரை, கையெழுத்து, கம்பி, எல்லாவற்றையும். பையனின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். உள்ளேயிருந்து அருணகிரி வந்துவிட்டார்.

"ஏம்மா, கேஸ்தான் போட்டுட்டியே. இன்னும் இன்னா வோணும் உனக்கு?"

"ஒண்ணு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன். பரணியில எடுத்தா ராஜா மாதிரி இருப்பான்னு சொன்னீங்க. எப்போ இருந்துன்னு சொல்லுங்க."

யாரோ பின்னால் சிரித்துவிட்டார்கள். அருணகிரியின் முகம் கறுத்தது. "நேரத்துல கோளாறு இல்லம்மா. தாய் ஜாதகம் சரியில்லன்னா நான் இன்னா பண்ண முடியும்?"

"என் ஜாதகத்தப் பாத்து ஒம்போது பொருத்தம்னு சொன்னது யாரு? நீங்கதான? அன்னிக்கு நல்லாருந்த ஜாதகம் எப்பக் கெட்டுச்சு?"

அருணகிரி அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார். இரண்டு பேர் எழுந்து போனார்கள். இரண்டே பேர்தான். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டு டோக்கனைக் கையில் இறுக்கிப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நந்தினி அந்தத் தலைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒவ்வொருவருக்கும் ஏதோ ஒரு பயம், ஏதோ ஒரு சாவி. கண்ணெதிரே குழந்தையைக் காட்டினாலும் எழுந்திருக்க முடியவில்லை.

"எழுந்திரு, போலாம். பீடை புடிச்ச எடமாப் போச்சு. நாளைக்கு வந்து பாத்துக்கலாம்" என்று அந்த மாமியார் மருமகளை இழுத்தாள். போகிற போக்கில் அந்தப் பெண் திரும்பினாள்.

"என் கையெழுத்தே போதுமாக்கா?"

"போதும். யாரு இல்லன்னு சொன்னாலும் வுடாத. கத்து."

அன்று சாயங்காலமே மகளிர் காவல் நிலையத்திலிருந்து போன் வந்தது. அதே பெண் போலீஸ். "தொழில் பண்ற எடத்துல போயி ரகளை பண்ணியாமே? ஜோசியர் புகார் குடுத்திருக்காரு. நாளைக்கு வந்துட்டுப் போ."

"நான் குடுத்த புகாருக்கு அவர எத்தினி வாட்டி வரச்சொன்னீங்க மேடம்?"

"அதெல்லாம் வந்து பேசிக்க."

"நாளைக்கு ஷிப்ட் இருக்கு. முடிச்சிட்டு வர்றேன். புள்ளையையும் தூக்கிக்கினு வர்றேன். நீங்க எல்லாரும் ஒருவாட்டி நல்லா பாருங்க."

போனாள். எழுதி வாங்கிக்கொண்டு எச்சரித்து அனுப்பினார்கள். இனிமேல் அந்தப் பக்கம் போகாதே என்றார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வஹீதாக்காவும் பாண்டியனும் கூட வந்தார்கள். அருணகிரி முன்கேட்டைப் பூட்டிவிட்டு ஆட்களைப் பின்பக்கமாக வரச்சொல்லியிருந்தார். நந்தினி சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள். உள்ளே போகிறவர்கள் கண்ணில் படும்படி, பின்வாசலுக்கு எதிரே பொதுத் தெருவில் ஒரு துண்டை விரித்து, பையனை மடியில் சாய்த்துக்கொண்டு உட்கார்ந்தாள்.